ஒரு நாள் முன்னால் வந்தவர்கள்

ஃபெஸ் நகரத்தின் பழைய மதிலுக்குள் ஓர் இரவு தங்குகிற காசுக்கு மஹ்ஜூபாவின் வீட்டில் ஐந்து இரவு தங்கலாம். வருகிறவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். ஆனால் வாயால் சொல்வது வேறு. "ஊர் ஜனங்களோடு ஜனங்களாக இருந்து பார்க்க வேண்டும்" என்பார்கள். ஹய் அமல் பேட்டையில் ஜனங்களோடு ஜனமாக இருப்பதில் என்ன வாழ்கிறது என்று மஹ்ஜூபாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. மூன்று மாடி ஏற வேண்டும். கீழ்வீட்டுக்காரன் மத்தி மீன் பொரித்தால் அந்த வாடையிலேயே தூங்க வேண்டும். மழைக்காலம் வந்தால் சுவர் வியர்க்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலை துணியை எடுத்து அதைத் துடைப்பது. இதைப் பார்க்கவா கடல் தாண்டி வருவார்கள்? வந்தார்கள். முதுகில் மூட்டையோடு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டில் இருப்பதே இரண்டு அறைகள். கணவர் அப்துஸ்ஸலாம் இறந்து ஆறு வருடமாகிறது. அவரும் அவளும் படுத்திருந்த அறையைத்தான் விருந்தாளிகளுக்குக் கொடுத்தாள். அவளும் மகள் ஹஸ்னாவும் முன்னறையில், சுவரோரமாக நீளும் திவான்களில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டார்கள். போனில் யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்ப்பது, அவர்களோடு பிரெஞ்சில் பேசுவது, எழுதுவது எல்லாம் ஹஸ்னாவின் பொறுப்பு. மஹ்ஜூபாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவள் பொறுப்பு சோறு.

வாடகையில் சாப்பாடு சேராது என்று ஹஸ்னா நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மஹ்ஜூபா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசற்படி ஏறி வந்தவர் அல்லாஹ்வின் விருந்தாளி. அவர் காசு கொடுத்தாரா இல்லையா என்பது அவருக்கும் அந்தப் போனுக்கும் இடையிலான விஷயம். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து, எண்ணெய் தொட்டு மெல்லிசாக விரித்து, மடித்து, ரொட்டி சுடுவாள். வேண்டாம் என்று கையை ஆட்டினால் இன்னும் இரண்டு போடுவாள்.

அவளுக்கு உலகத்தில் ஒரே கவலை. ஹஸ்னாவுக்குக் கல்யாணமாகவில்லை.

ஹஸ்னாவுக்கு முப்பத்துநான்கு வயது. ஜீன்ஸ் தைக்கிற தொழிற்சாலையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். அங்கே பறக்கிற நீலத் தூசி கண்ணிமையில், புருவத்தில், நகக்கண்ணில் எல்லாம் போய் உட்கார்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பொது வெந்நீர்க் குளியல்கூடமான ஹம்மாமில் தேய்த்துக் குளித்தால் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். நெட்டையான உடம்பு, கொஞ்சம் கூன் போட்ட தோள். குனிந்து தைத்துத் தைத்து வந்த கூன். அழகி என்று அவளை யாரும் சொன்னதில்லை, அசிங்கம் என்றும் சொன்னதில்லை. பார்த்தவர்கள் ஒன்றுமே சொல்லாமல் போனார்கள், அதுதான் மஹ்ஜூபாவைக் கொன்றது. இரண்டு குடும்பங்கள் வந்தன. ஹஸ்னா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். குடித்தார்கள், பாதாம் பலகாரத்தைச் சாப்பிட்டார்கள், "அல்லாஹ் நாடினால் பார்ப்போம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது குடும்பம் போன அன்று ஹஸ்னா கண்ணாடி டம்ளர்களைக் கழுவியபடியே, "யம்மா, இனிமே யாரையும் கூப்பிடாத. எனக்கு இந்தத் தட்டத் தூக்கறது அலுத்துப் போச்சு" என்றாள். அது நான்கு வருடத்துக்கு முன்னால்.

இந்தக் குளிர்காலத்தில்தான் மூன்றாவது பேச்சு வந்தது. கொண்டுவந்தவள் யம்னா. பேட்டை ஹம்மாமில் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுகிறவள். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மச்சம் என்பதுவரை தெரிந்தவள். ஆகவே கல்யாணப் பேச்சுக்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது. தாஸா ஊரில் லர்பி என்று ஒருவன். மின்சாமான் கடை வைத்திருக்கிறான். பெண்டாட்டி இறந்து மூன்று வருடம். பிள்ளை இல்லை. வயது நாற்பத்தைந்து. தொழுகை உண்டு, குடி கிடையாது. தாய் ஹாஜ்ஜா தாமு கொஞ்சம் கெடுபிடி, ஆனால் நெஞ்சில் கள்ளமில்லாதவள்.

"பொண்ணு போட்டோ கேக்கறாங்க" என்றாள் யம்னா.

"என் பொண்ணு மொகம் எவன் போன்லயும் சுத்த வேணாம்" என்றாள் மஹ்ஜூபா. "வேணும்னா வந்து பாக்கட்டும். கண்ணு இருக்கில்ல?"

"நீ வேற, இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு போட்டோ எங்க சுத்தல? சரி, வயசு என்னன்னு சொல்லட்டும்?"

"முப்பத்துநாலுன்னு சொல்லு. அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சத மறைப்பாங்களா?"

யம்னா இருபத்தெட்டு என்று சொன்னாள். அல்லாஹ்வுக்குத் தெரிந்தது தாஸாவுக்கும் தெரிய வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஹஸ்னா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள் வேலையிலிருந்து வரும்போது புது கஃப்தான் அங்கிக்குத் துணி வாங்கிக்கொண்டு வந்தாள், கிளிப்பச்சை. மஹ்ஜூபா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்று பயம். மகள் தன் கையாலேயே அதைத் தைத்தாள். ஆறு நாள் பிறருக்குத் தைத்துவிட்டு வந்து ஏழாவது நாள் தனக்குத் தைக்கிறவளைப் பார்த்து மஹ்ஜூபா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

அந்த வாரம் விருந்தாளி யாரையும் ஏற்க வேண்டாம் என்றுதான் பேச்சு. ஆனால் ஒரு பெண் மாதக்கணக்கில் முன்னாலேயே அறையைச் சொல்லி வைத்திருந்தாள். ஞாயிறு காலை கிளம்பிவிடுவாள். காலையில் போகிறவள், சாயங்காலம் வருகிறவர்களுக்கு என்ன இடைஞ்சல்? வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வந்தவள் பெயர் சிரின். இருபத்துமூன்று வயது. கடலுக்கு அப்பால் லியேஜில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் ரீஃப் மலைக்காரர்கள். வீட்டில் பேசுவது மலைப் பேச்சு, வெளியே பிரெஞ்சு. இந்த ஊர் அரபி அவளுக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. தாய்நாட்டைத் தனியாகப் பார்க்க வந்திருக்கிறாள். மதிலுக்குள் இருக்கிற மாளிகை விடுதிகளின் விலையைக் கேட்டுவிட்டு ஹய் அமலுக்கு வந்தாள். உருண்டைக் கன்னம், பாலாடை நிறம், பெரியவர்களைக் கண்டால் குனிந்து கையை முத்தமிடுகிற பழக்கம். அவள் தன் கையை முத்தமிட்டதுமே மஹ்ஜூபா உருகிவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தவள், வெள்ளிக்கிழமை முழுக்கப் பழைய நகரத்துச் சந்துகளில் மழையில் நனைந்துவிட்டு வந்தாள். துணியெல்லாம் ஈரம். மாடியில் காயப்போட்டது மறுநாளும் காயவில்லை. அந்த மழையில் எது காய்ந்தது? ஹஸ்னா தன்னுடைய வீட்டு அங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை காலையும் மழை விடவில்லை. ஹஸ்னா தொழிற்சாலைக்குப் போய்விட்டாள், அரை நாள் வேலை. சிரின் வெளியே போகாமல் அடுக்களையில் மஹ்ஜூபாவின் பக்கத்தில் உட்கார்ந்து மாவு விரித்தாள். ஓட்டை விழுந்தபோதெல்லாம் இருவரும் சிரித்தார்கள். பேச்சு இல்லாமலே பொழுது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணிவாக்கில் கதவு தட்டப்பட்டபோது எரிவாயு உருளைக்காரன் என்றுதான் மஹ்ஜூபா நினைத்தாள். திறந்தால் இரண்டு பெண்கள். ஒருத்தி எழுபதை நெருங்குகிறவள், தடித்த கம்பளி ஜிலாபா அங்கி, மூச்சிரைப்பு. பின்னால் நாற்பது வயதுக்காரி, கையில் கனத்த பை.

"நான் தாஸாவுலேருந்து வரேன். லர்பியோட தாய். இது என் மக புஷ்ரா" என்றாள் மூத்தவள். "நாளைக்குத்தான் வரதா சொன்னோம். நாளைக்குன்னு சொன்னா நீ நாளைக்குத் தரையத் துடைச்சு வைப்ப. எனக்கு இன்னிக்குத் தரையப் பாக்கணும்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். புஷ்ரா வெட்கப்பட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க லல்லா, எங்கம்மா இப்படித்தான்" என்று மரியாதையாகச் சொன்னாள்.

மஹ்ஜூபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாங்க வாங்க என்று ஆயிரம் முறை சொல்லி, முன்னறையில் உட்கார வைத்து, காலுக்குப் போர்வை கொடுத்து, அடுக்களைக்கு ஓடி ஹஸ்னாவுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். எப்படியும் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் தேநீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பெண் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பக்குவமாகச் சொல்லி, வந்ததும் யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் தள்ளிக் கிளிப்பச்சையை மாட்டிவிட வேண்டும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டபடி தேநீர்ப் பானையைத் திறந்தால் புதினா இல்லை. ஒரு தழைகூட இல்லை.

பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புதினா இல்லாத தேநீரா? அதைவிட ஜன்னல் வழியாகக் குதிக்கலாம். சிரினை அடுக்களையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரியிடமும் இல்லை. மழையில் நனைந்துகொண்டே தெருமுனைக் காய்கறிக்காரனிடம் ஓடினாள். அறுபத்தொரு வயது முழங்காலோடு மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி வர எவ்வளவு நேரமாகும்? கால்மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

அந்தக் கால்மணி நேரத்தில் சிரின் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். குளிரில் வந்தவர்கள் முன்னால் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. லியேஜில் அவள் வீட்டில் இப்படி நடந்தால் தாய் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மேஜைமேல் தயாராக இருந்த பலகாரத் தட்டை எடுத்தாள். ஆரஞ்சுப்பூ நீர்க் குப்பியை எடுத்தாள். முன்னறைக்குப் போய்க் குனிந்து ஹாஜ்ஜா தாமுவின் கையை முத்தமிட்டு, உள்ளங்கையில் பூநீர் தெளித்து, தட்டை முன்னால் வைத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்தி நின்றாள். நின்றது வெட்கத்தால் அல்ல. அடுத்து என்ன சொல்வதென்று மொழி தெரியாமல்தான்.

அவள் யாரென்று அவர்கள் கேட்கவில்லை. கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீட்டில், வீட்டு அங்கியோடு, கையில் மாவு ஒட்டியிருக்க, தட்டு ஏந்தி வந்து கை முத்தமிடுகிறவள் வேறு யாராக இருக்க முடியும்? நாமாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

மஹ்ஜூபா புதினாக் கட்டோடு உள்ளே வந்தபோது சிரின் ஹாஜ்ஜா தாமுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் குஞ்சம் வைத்த பட்டுத் தலைத்துணி. குங்குமப்பூ நிறம். ஹாஜ்ஜா தன் கையாலேயே அதைப் போர்த்திவிட்டிருந்தாள். அந்தக் குடும்பங்களில் பெண் பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு மாறுவதில்லை.

"வா மஹ்ஜூபா, வா" என்றாள் ஹாஜ்ஜா. கண் கலங்கியிருந்தது. "ஹஸ்னான்னா அழகி. சும்மாவா பேரு வச்ச? போட்டோ குடுக்க மாட்டேன்னு சொன்னியாமே, நான்கூடத் திட்டினேன். நீ செஞ்சதுதான் சரி. இந்த மொகத்தக் கண்ணேறு படாம வச்சிருந்திருக்க. இருபத்தெட்டுன்னு சொன்னாங்க, பாத்தா இருபதுகூடத் தெரியல. என்ன பதவிசு! வந்ததுலேருந்து வாயத் தொறக்கல பாரு. என் செத்துப்போன மருமக, அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும், ரேடியோ மாதிரி பேசுவா."

சிரின் மஹ்ஜூபாவைப் பார்த்துச் சிரித்தாள். தலைத்துணியின் நுனியைத் தொட்டுக் காட்டினாள், எவ்வளவு அழகு பாருங்கள் என்பதுபோல. விருந்தாளிக்கு இங்கே இப்படிப் பரிசு கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'ஹாஜ்ஜா, இவ என் மக இல்ல.' ஐந்து சொல். மஹ்ஜூபாவின் வாயில் அது வந்து நின்றது. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு அவள் தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த ஹாஜ்ஜாவை அவள் மகள் முன்னால் அசடாக்க வேண்டாமென்றுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்துநான்கு வருடத்தில் தன் மகளை ஒருவர் புகழ்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த முகமா, அந்தப் பதவிசா, பெயருக்கேற்ற பெண்ணா, தாயின் வளர்ப்பா. யாரைப் பார்த்துச் சொன்னாலும் ஹஸ்னா என்ற பெயரில்தானே சொன்னார்கள்? அது காதில் தேனாக இறங்கியது. இன்னும் ஒரு நிமிடம் கேட்கலாம் என்று அவள் நெஞ்சு கெஞ்சியது. இந்தத் தேநீர் முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் பானையை உயரத் தூக்கி ஊற்றினாள்.

இரண்டாம் சுற்றுத் தேநீர் ஊற்றும்போது சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஹஸ்னா உள்ளே வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். தொழிற்சாலை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. புருவத்தில் இருந்த நீலத் தூசி ஈரத்தில் கரைந்து கண்ணோரமாக இறங்கியிருந்தது. முன்னறை வாசலில் அப்படியே நின்றாள்.

ஹாஜ்ஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரு மஹ்ஜூபா? வேலைக்கு வர பொண்ணா?"

ஹஸ்னா முதலில் சிரினைப் பார்த்தாள். அவள் தலையிலிருந்த பட்டைப் பார்த்தாள். திறந்திருந்த பைக்குள் நிச்சயத்துக்குக் கொண்டுவருகிற சர்க்கரைக் கூம்பும் மருதாணியும் தெரிந்தன, அதைப் பார்த்தாள். அவள் மக்கு அல்ல. ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு தாயைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரப்படவில்லை. தாய்க்குப் போதுமான நேரம் கொடுத்தாள்.

மஹ்ஜூபா பானையைப் பிடித்தபடி நின்றாள். டம்ளர் நிரம்பி வழிந்து தட்டில் ஓடியது. இரண்டே சொல் போதும், 'என் மக' என்று. அவள் கண் மகளின் கன்னத்தில் வழிந்த நீலக் கோட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து சிரினின் கன்னத்துக்குப் போயிற்று, தரைக்குப் போயிற்று.

"இல்லீங்க ஹாஜ்ஜா" என்றாள் ஹஸ்னா. "நான் மேல் வீடு. எங்க ரொட்டித் தட்டு இங்க இருக்கு, வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

மஹ்ஜூபா பானையைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குப் போனாள். தன்னுடைய ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினாள்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும் லல்லா" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு ஹஸ்னா போனாள். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தம் கேட்டது.

"நல்ல பொண்ணு, பாவம்" என்றாள் புஷ்ரா.

அவர்கள் இன்னும் முக்கால்மணி நேரம் இருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆண்களோடு வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வது என்று முடிவாயிற்று. மஹ்ஜூபா தலையை ஆட்டினாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். பிறகு மேலே ஏறினாள்.

மொட்டைமாடிக் கதவுக்குக் கீழே, கடைசிப் படியில், ஹஸ்னா மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பல் அடித்துக்கொண்டிருந்தது.

"போயாச்சா?"

"போயாச்சு. எறங்கி வாடி, ஒடம்பு நடுங்குது பாரு."

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

"ஏண்டி அப்படிச் சொன்ன? மேல் வீடுன்னு ஏண்டி சொன்ன?"

"நீ எதாவது சொல்வேன்னு பாத்தேன் யம்மா" என்றாள் ஹஸ்னா. கோபமே இல்லை குரலில், இருந்திருந்தால் தேவலை. "நீ ஒண்ணும் சொல்லல. அந்தம்மா கேட்டுட்டு ஒக்காந்திருக்காங்க. யாராவது ஒண்ணு சொல்லணுமில்ல?"

அன்று மாலையே மஹ்ஜூபா ஹம்மாமுக்கு ஓடி, யம்னாவை வெந்நீர்த் தொட்டி ஓரத்திலிருந்து வெளியே இழுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். யம்னா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ தாயா, இல்ல பேயா? வாயில என்ன வச்சிருந்த, கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். இருந்தாலும் போன் செய்தாள். மஹ்ஜூபா பக்கத்தில் நின்று, இன்னொரு தடவை வரச் சொல்லு, நிஜப் பெண்ணை வந்து பார்க்கச் சொல்லு, காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று சொல்லு என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

ஹாஜ்ஜா தாமு முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினாள், பிறகு அமைதியாகிவிட்டாள். கடைசியில் அவள் சொன்னதை யம்னா ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள். யம்னாவுக்கு அதில் குறையே கிடையாது.

"'அந்த நீலப் பொடியோட வந்து நின்னவளா? அவ மேல் வீடுன்னு அவளே சொன்னா. பெத்தவ ஆமான்னு தட்டு எடுத்துக் குடுத்தா. பெத்தவளே என் மகள்னு சொல்லக் கூசினவள, நான் எங்க ஊர்ல என் மருமகள்னு எந்த வாயால சொல்வேன்? எங்க பட்டுத்துணி போனாப் போகுது. எங்கள இனி கூப்பிட வேணாம்'னு சொல்லிட்டா."

பட்டுத்துணி போகத்தான் போயிற்று. ஞாயிறு காலை சிரின் அதைத் தலையில் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஹஸ்னா சொல்ல விடவில்லை. "அவ என்ன யம்மா தப்பு பண்ணினா? மரியாதையாத்தான் நடந்துக்கிட்டா" என்றாள். மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், சிவப்பு டாக்ஸி பிடித்து ஏற்றிவிட்டாள். சிரின் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஹஸ்னா திரும்பி வந்து படுக்கை விரிப்புகளை உருவி ஊறப்போட்டாள். கிளிப்பச்சைக் கஃப்தானை அடுத்த வாரம் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அளவுகூடச் சரியாக இருந்ததாம்.

அந்த வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஹஸ்னா பேசாமலும் இருக்கவில்லை. காலையில் போனாள், மாலையில் வந்தாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள், முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தேன் என்றாள். மஹ்ஜூபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள். மகள் நிமிர்ந்தால் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாயங்காலம், இருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் ஒலித்தது. ஹஸ்னா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு எழுதியிருக்கா" என்றாள். "தங்கிட்டுப் போனவங்க வீட்டப் பத்தி எழுதுவாங்களே, அது. போட்டோவும் போட்டிருக்கா. அந்தத் துணியக் கட்டிட்டு."

"என்ன எழுதியிருக்கா?"

ஹஸ்னா பிரெஞ்சை மனதுக்குள் ஒருமுறை படித்தாள். பிறகு சொல்லுக்குச் சொல் நிதானமாகச் சொன்னாள்.

"'பழைய நகரம் தூரம்தான், பரவாயில்ல. மாடிப்படி அதிகம். குளிரும். ஆனா நீங்க இங்கதான் தங்கணும். மஹ்ஜூபா அம்மா என்னத் தன் சொந்த மக மாதிரியே நடத்தினாங்க. வந்தவங்ககிட்டயும் அப்படித்தான் காட்டினாங்க. மறக்கவே மாட்டேன்.' அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கா."

மஹ்ஜூபாவின் மடியிலிருந்து அவரைக்காய் எல்லாம் தரையில் கொட்டியது. ஹஸ்னா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

"நாம பதில் போடணும் யம்மா. என்னன்னு போடட்டும்?"

"மன்னிச்சுடுடி" என்றாள் மஹ்ஜூபா. அந்தச் சொல் வெளியே வர அத்தனை நாள் பிடித்தது. "ஹஸ்னா, என் கண்ணு, என்ன மன்னிச்சுடு."

ஹஸ்னா போனை மறுபடி கையில் எடுத்தாள்.

"அத இதுல எழுத முடியாது யம்மா" என்றாள். "எல்லாரும் படிப்பாங்க."

'நன்றி, மறுபடியும் வாருங்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டு, மீதி அவரைக்காயை உரிக்க உட்கார்ந்தாள்.